துண்டால் இறுக்கிய தலைமுடி

ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும். பதினோரு பேரில் பத்துப் பேர் மைதானத்தில் இறங்கியிருப்பார்கள். ஒருவர் மட்டும் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். தலையில் எண்ணெய்ப் பசையைத் தேய்த்து, சுருள்முடியை அழுந்தச் சீவி, அதன் மேல் சூடான துண்டை இறுகக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். முடி படிந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் வெளியே வருவார். அரங்கம் எழுந்து நின்று கூச்சலிடும். அது வாழ்த்துக் கூச்சல். அந்த ஆரவாரம் கடைசிவரை வாழ்த்தாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் துண்டு.

அவர் பெயர் அர்த்தூர் பிரீடன்ரைக். பிரேசில் நாட்டின் முதல் பெரிய கால்பந்து நட்சத்திரம். பீலேயின் பெயர் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. பீலே பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஆடி ஓய்ந்துவிட்ட இந்த முன்கள வீரரை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்களும் அவரை ஒரே மாதிரி நினைப்பதில்லை. முதல் அரசன் என்று கொண்டாடுவோர் உண்டு. தன் இனத்தை மறைத்தவர் என்று முகம் சுளிப்போர் உண்டு. கோல் கணக்கே பொய் என்று வாதிடுவோரும் உண்டு. மூன்று தரப்பும் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வரலாம்.

1892 ஜூலை 18இல் சாவ் பாவ்லோ நகரத்தில் பிறந்தார். வெற்றித் தெரு என்றும் ஜெயத் தெரு என்றும் பொருள்படும் பெயர் கொண்ட இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் வீடு. தந்தை ஆஸ்கார் ஜெர்மன் வம்சாவளியைச் சேர்ந்த வியாபாரி. தாய் மத்தில்டே கறுப்பினப் பெண், விடுதலை பெற்ற அடிமைகளின் குடும்பத்தில் பிறந்தவர். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13இல். மகன் பிறந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது நான்குதான். சந்தையில் மனிதர்களை விற்றவர்களும் வாங்கியவர்களும் உயிரோடு இருந்த காலம். சட்டம் மாறியது, பார்வை மாறவில்லை. இந்த வாக்கியத்தை விளக்க வேண்டிய தேவை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு இருக்காது.

பையனுக்குத் தாயின் நிறமும் சுருள்முடியும் வந்தன. தந்தையிடமிருந்து பச்சைக் கண்களும் ஜெர்மன் குடும்பப் பெயரும் வந்தன. அந்தப் பெயர்தான் அவருக்குக் கதவைத் திறந்தது.

அன்றைய பிரேசிலில் கால்பந்து பணக்காரர்களின் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே குடியேறிய ஐரோப்பியர்களும் கிளப்புகள் அமைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது விதி. கேட்பதற்கு உயர்ந்த கொள்கை போலத் தோன்றும். நடைமுறையில், நாள் முழுக்க உழைத்தால்தான் அன்றைய சோறு என்று வாழ்ந்தவர்கள் மைதானத்துப் பக்கமே வர முடியாதபடி செய்த விதி அது. கறுப்பர் வரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எழுதாமலேயே காரியம் நடந்தது.

சாவ் பாவ்லோவில் ஜெர்மானியர்கள் நடத்திய ஜெர்மானியா என்ற கிளப்பில் 1909இல், 17 வயதில், பிரீடன்ரைக் ஆடத் தொடங்கினார். தந்தையின் வழி இல்லாமல் அந்த வாசற்படியை அவர் மிதித்திருக்க முடியாது. உள்ளே நுழைந்த பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. மெலிந்த உடம்பு. உடலை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவிப் போவார். பந்தைக் காலால் திருகி, வளைந்து போகும்படி அடிப்பார். 1912இல் சாவ் பாவ்லோ மாநிலப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். அதன் பிறகும் அந்த இடத்தைப் பலமுறை பிடித்தார்.

1914 ஜூலை 21இல் பிரேசில் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ரியோ டி ஜெனிரோவில் ஆடியது. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த எக்ஸிடர் சிட்டி அணிதான் எதிரணி. 2–0 என்று பிரேசில் வென்றது. அந்த முதல் அணியிலேயே பிரீடன்ரைக் இருந்தார். மோதலில் அவருடைய இரண்டு பற்கள் உடைந்தன. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து ஆடினார்.

அதே 1914இல் ரியோவில் இன்னொரு சம்பவம் நடந்தது. கார்லோஸ் அல்பர்ட்டோ என்ற கலப்பின வீரர் புளுமினென்ஸ் என்ற பணக்காரக் கிளப்பில் சேர்ந்தார். ஆட்டத்துக்கு முன் முகத்தில் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு வருவார். ஆடி வியர்க்கும்போது பவுடர் கரைந்து வழியும். எதிரணி ரசிகர்கள் அரிசி மாவு, அரிசி மாவு என்று கத்துவார்கள். ஷேவ் செய்த பிறகு பூசிய பவுடர் அது என்று கிளப் தரப்பில் சொல்வதுண்டு. எப்படியிருந்தாலும் அந்தக் கேலிப் பெயர் கிளப்போடு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அந்தக் கிளப்பின் ரசிகர்களே அதை ஏற்றுக்கொண்டு, அரங்கத்தில் வெள்ளைப் பவுடரைத் தூவிக் கொண்டாடினார்கள். பூசியவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதற்குத்தான் பதிவு எதுவும் இல்லை.

பிரீடன்ரைக்கின் துண்டையும் இந்தப் பவுடரோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவருடைய தலைமுடிக் கதையை 1947இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியவர் மாரியோ ஃபில்யோ என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர். பிரேசில் கால்பந்தில் கறுப்பர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை முதன்முதலாக முழுமையாகச் சொன்ன நூல் அது. உலகப் புகழ்பெற்ற மரக்கானா அரங்கம் பின்னாளில் அவர் பெயரையே அதிகாரப்பூர்வமாகப் பெற்றது.

1919ஆம் ஆண்டுக்கு வருவோம். முந்தைய ஆண்டில் நடக்க வேண்டிய தென் அமெரிக்கச் சாம்பியன் போட்டி, விஷக் காய்ச்சல் பரவியதால் தள்ளிப்போய் அந்த ஆண்டு ரியோவில் நடந்தது. பிரேசிலும் உருகுவேயும் சமப் புள்ளிகளில் நின்றன. மே 29இல் பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டம். 90 நிமிடம் முடிந்தது, கோல் இல்லை. கூடுதலாக 30 நிமிடம் ஆடினார்கள், அப்போதும் இல்லை. இன்னொரு 30 நிமிடம் தொடங்கியது. அதன் தொடக்கத்திலேயே, உருகுவே கோல் கீப்பர் தட்டிவிட்ட பந்து பிரீடன்ரைக்கின் காலுக்கு வந்தது. அடித்தார். 1–0. மொத்தம் 150 நிமிடம் நடந்த அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான். பிரேசில் வென்ற முதல் பெரிய பட்டம் அது.

நகரமே தெருவில் இறங்கியது. தோற்ற உருகுவேக்காரர்களே அவருக்குப் புலி என்று பெயர் வைத்தார்கள். கோல் அடித்த காலணி ரியோ நகைக்கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வெற்றியின் நினைவாகப் பிஷிங்கின்யா என்ற கறுப்பின இசைமேதை அமைத்த இசை இன்றும் பிரேசிலில் வாசிக்கப்படுகிறது. ஒன்றுக்குச் சுழியம் என்பதே அதன் பெயர்.

அந்தக் காலணிக்குக் கிடைத்த கண்ணாடிப் பெட்டி, அதை அணிந்தவரின் இனத்துக்குக் கிடைக்கவில்லை. 1920இல் பிரேசில் அணி பியூனஸ் அயர்ஸ் வழியாகச் சென்றபோது, அர்ஜென்டினா பத்திரிகை ஒன்று பிரேசில் வீரர்களைக் குரங்குகளாக வரைந்து வெளியிட்டது. அவமானம் தாங்காமல் வீரர்கள் சிலர் அங்கே ஆட மறுத்தார்கள். மறு ஆண்டு அதே நகரில் தென் அமெரிக்கப் போட்டி. கேலி செய்தவர்களைக் கண்டிப்பதற்குப் பதிலாக, கேலிக்கு ஆளானவர்களை வீட்டிலேயே நிறுத்தும் யோசனை பிரேசிலின் மேல்தட்டில் எழுந்தது. வெளுத்த நிறத்தவர்களை மட்டும் அனுப்ப வேண்டும் என்ற அழுத்தம் உச்சியிலிருந்தே வந்ததாகப் பேச்சு பரவியது. குடியரசுத் தலைவர் எபிடாசியோ பெசோவாவின் பெயரே அடிபட்டது. அடிமைகளின் வழியில் வந்த எழுத்தாளர் லீமா பரெட்டோ, வரி வாங்கும்போது மட்டும் நிறம் பார்க்காத நாடு என்ற பொருளில், 1921இல் கிண்டலும் கோபமுமாக இதைக் கண்டித்து எழுதினார். அந்த ஆண்டு பியூனஸ் அயர்ஸ் போன அணியில் பிரீடன்ரைக் இல்லை. நிறம்தான் காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பிரேசில் பட்டம் இல்லாமல் திரும்பியது. 1922இல் சொந்த மண்ணில் மீண்டும் பட்டம் வென்றபோது அவர் அணிக்குத் திரும்பியிருந்தார்.

இந்த இடத்தில்தான் முதல் மனக்குறை தொடங்குகிறது. நாட்டுக்குப் பட்டம் வாங்கித் தந்த பெரிய நட்சத்திரம், தாயின் இனத்தார் இழிவுபடுத்தப்பட்டபோது முன்னால் வந்து நிற்கவில்லையே என்ற குறை அது. கறுப்பின ரசிகர்கள் பலர் அவரை அன்போடு நினைக்கும்போதே இதையும் சேர்த்து நினைக்கிறார்கள். அவர் ஆடிய கிளப்புகளைப் பார்த்தால் அந்தக் குறையின் எடை புரியும். 1920களில் அவர் ஆடிய பவுலிஸ்டானோ, சாவ் பாவ்லோவின் மேட்டுக்குடி கிளப். 1925இல் அந்த அணி ஐரோப்பாவுக்குப் பயணம் போனது. பாரிஸில் முதல் ஆட்டத்திலேயே 7–2 என்று வென்றது. ஆடிய 10 ஆட்டங்களில் 9 வெற்றி. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவர்களைக் கால்பந்தின் அரசர்கள் என்று எழுதின. அந்த அரசர்களில் முதல்வர், அடிமைக் குடும்பத்துப் பெண்ணின் மகன். அவருடைய கிளப் மட்டும் ஏழைகள் ஆடக் காசு வாங்குவதைக் கடைசிவரை எதிர்த்தது. பணத்துக்கு ஆடும் முறை பரவுவதைச் சகிக்க முடியாமல், 1920களின் இறுதியில் கால்பந்தையே விட்டு விலகியது.

அதே காலத்தில் ரியோவில் வேறு பாதையில் நடந்தவர்களும் இருந்தார்கள். வாஸ்கோ ட காமா என்ற கிளப் கறுப்பர்களையும் கலப்பினத்தவரையும் ஏழை வெள்ளைத் தொழிலாளர்களையும் சேர்த்து ஓர் அணியை அமைத்தது. 1923இல் அந்த அணி ரியோவின் பட்டத்தை வென்றது. பெரிய கிளப்புகளால் பொறுக்க முடியவில்லை. 1924இல் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாஸ்கோ உள்ளே வர வேண்டுமானால் 12 வீரர்களை நீக்க வேண்டும் என்றார்கள். வீரர்களுக்குச் சரியான வேலை இருக்கிறதா, கையெழுத்துப் போடத் தெரியுமா என்றெல்லாம் துருவினார்கள். வாஸ்கோ கிளப்பின் தலைவர் 1924 ஏப்ரல் 7இல் பதில் கடிதம் எழுதினார். அந்த வீரர்களைப் பலி கொடுத்துவிட்டு உள்ளே வருவதாக இல்லை என்பதே அதன் சாரம். பிரேசில் கால்பந்து வரலாற்றில் இன்றும் பெருமையோடு எடுத்துக் காட்டப்படும் கடிதம் அது.

ஒருவர் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். பன்னிரண்டு பேர் மறைக்காமல் நின்றதால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ரசிகர்களின் நினைவு இரண்டாகப் பிரிவது இங்கேதான்.

இதே காலத்தில் நம் நாட்டில் பல்வங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளர் இருந்தார். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய கிரிக்கெட் அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். புனேயில் கூட ஆடியவர்கள் அறைக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். சாதி முகத்தில் தெரிவதில்லை. ஆனால் ஊருக்குத் தெரியும். பாலூவுக்கு மறைக்க வழியே இருக்கவில்லை. பிரீடன்ரைக்குக்குப் பாதி வழி இருந்தது. அந்தப் பாதி வழியைப் பயன்படுத்திக்கொண்டதைத்தான் நாம் குற்றம் என்கிறோமா?

வாடகை வீடு கேட்டுப் போகும்போது எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். எந்தத் தெரு என்ற அடுத்த கேள்வியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச்சை மாற்றியவர்கள், பக்கத்துத் தெருவின் பெயரைச் சொன்னவர்கள், அலுவலகத்தில் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வராது. மறைப்பது எவ்வளவு கூலியில்லா வேலை என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பாக அவர் அந்தத் துண்டைக் கட்டினார். எத்தனை கோல் அடித்தாலும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

கோல் கணக்குக்கு வருவோம். அவர் 1,329 கோல்கள் அடித்தார் என்று நீண்ட காலம் உலகமே நம்பியது. பீலேயைவிட அதிகம் என்று பெருமை பேசியவர்கள் ஏராளம். அவருடைய தந்தை ஒரு நோட்டில் கணக்கு எழுதத் தொடங்கினார், பிறகு உடன் ஆடிய நண்பர் ஒருவர் அதைத் தொடர்ந்தார் என்பது கதை. அந்த நோட்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. சொன்ன எண்ணே 1,329 ஆட்டங்களில் 1,239 கோல்கள் என்பதுதான், இலக்கங்கள் இடம் மாறிவிட்டன என்றார்கள் சிலர். பிற்கால ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைப் புரட்டி எண்ணியபோது, ஏறத்தாழ 560 ஆட்டங்களில் 550க்கு மேற்பட்ட கோல்கள் கிடைத்தன. அவரை மோசடிக்காரர் என்று சிலர் எழுதினார்கள். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கோல் என்பது எந்தக் காலத்திலும் பெரிய சாதனை. பொய்க் கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை. கொண்டாடியவர்கள் கூட்டிச் சொன்னதற்கு அவரைக் குறைத்துச் சொல்வது நியாயமும் ஆகாது.

1930இல் முதல் உலகக் கோப்பை உருகுவேயில் நடந்தது. ரியோ சங்கத்துக்கும் சாவ் பாவ்லோ சங்கத்துக்கும் நடந்த அதிகாரச் சண்டையில், சாவ் பாவ்லோ சங்கம் தன் வீரர்களை அனுப்ப மறுத்தது. பிரீடன்ரைக் ஊரிலேயே இருந்தார். யூகோஸ்லாவியாவிடம் 2–1 என்று தோற்றுப் பிரேசில் வெளியேறியது. உலகக் கோப்பையில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. வெளிநாட்டு ரசிகர்கள் அவரை மறந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

1932இல் சாவ் பாவ்லோ மாநிலம் மத்திய அரசை எதிர்த்துக் கிளர்ந்தது. விளையாட்டு வீரர்கள் சேர்ந்த படைப்பிரிவில் அவரும் சேர்ந்தார். நிதி திரட்டலுக்குத் தன் பதக்கங்களையும் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1933 மார்ச் 12இல், சம்பளத்துக்கு ஆடும் முறை பிரேசிலில் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கியது. சாவ் பாவ்லோ அணிக்கும் சாண்டோஸ் அணிக்கும் நடந்த அந்த ஆட்டத்தின் முதல் கோலை அடித்தவர், 40 வயதைத் தாண்டிய பிரீடன்ரைக். காசு வாங்காமலே காலம் கழித்தவரின் காலில்தான், ஏழைகள் கால்பந்தை நம்பிப் பிழைக்கலாம் என்ற புதிய காலம் பிறந்தது. 1935இல், 43 வயதில், பிளமெங்கோ அணிக்காகக் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார்.

பிறகு வந்தவர்கள் துண்டு கட்டவில்லை. 1938 உலகக் கோப்பையில் 7 கோல்கள் அடித்து முதலிடம் பிடித்த லியோனிடாஸ் கறுப்பர். கறுப்பு வைரம் என்று அவர் பெயரில் சாக்லெட்டே விற்றார்கள். எந்த நிறத்தை மறைக்க ஒரு தலைமுறை பாடுபட்டதோ, அந்த நிறமே அடுத்த தலைமுறையில் விலாசமானது. கறுப்புத்தோல் கொண்ட ஒருவரால் அந்த நாட்டுக்குப் பட்டம் வாங்கித் தர முடியும் என்பதை 1919இல் எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள். படிந்த முடிக்குக் கீழே இருந்தது யாருடைய ரத்தம் என்று அந்த அரங்கத்தில் தெரியாதவர் யார்?

ஆட்டத்தை விட்ட பிறகு ஒரு பானக் கம்பெனியில் வேலை பார்த்தார். வசதி என்று சொல்லும்படி எதுவும் சேரவில்லை. சாவ் பாவ்லோ கிளப் குடியிருக்கக் கொடுத்த வீட்டில் முதுமையைக் கழித்தார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போனது. ரசிகர்கள் எதையெல்லாம் வைத்து அவரைப் போற்றினார்களோ, தூற்றினார்களோ, அவை எதுவுமே அவர் நினைவில் நிற்கவில்லை. 1969 செப்டம்பர் 6இல் இறந்தார். அதற்கு இரண்டரை மாதம் கழித்து, நவம்பர் 19இல், மரக்கானா அரங்கத்தில் பீலே தன் 1,000ஆவது கோலை அடித்தார். அந்தக் கறுப்பு இளைஞனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவன் தலையில் சுருள்முடி அப்படியே இருந்தது.

பிரீடன்ரைக்கைக் கொண்டாடுபவர்கள் அவர் கட்டிய துண்டை மறந்துவிடக் கூடாது. குறை சொல்பவர்கள் அதைக் கட்டச் சொன்னது யார் என்று கேட்காமல் விடக் கூடாது. ஒரு மனிதர் ஏன் மறைத்தார் என்று கேட்பது எளிது. மறைக்காமல் வந்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்ற கேள்விக்கு வாசலில் நின்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். அந்த வாசல் பிரேசிலில் மட்டும் இல்லை.